கடைசி வரிசையிலிருந்து வந்த பிரசங்கம்

மகனே,

போன வெள்ளிக்கிழமை நீ நியூகாசிலிலிருந்து அழைத்தபோது நான் உனக்குச் சரியான பதில் சொல்லவில்லை. "அப்பா, வாற மாதம் முதல் ஞாயிறு எனக்கு முதல் பிரசங்கம் தந்திருக்கினம். என்னண்டு தொடங்கிறது?" என்று கேட்டாய். "அங்க குளிர் கடுமையோ? ஒழுங்காச் சாப்பிடுறியோ?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இருபது வருடம் பிரசங்கம் செய்த தகப்பன் இப்படி நழுவுகிறாரே என்று உனக்குக் கோபம் வந்திருக்கும். உன் கேள்விக்கு ஒரு வரியில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நடந்த கதை ஒன்று இருக்கிறது. அதில் பாதி உனக்குத் தெரியும், நீயும் அதில் இருந்தாய். மற்றப் பாதியை வெட்கத்தால் இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்தேன். குருவானவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு சபைக்கு முன்னால் நிற்கப் போகிறாய். இனியும் அதை மறைப்பது சரியில்லை. எங்கள் சபைச் சஞ்சிகையிலும் இந்தக் கடிதத்தைப் போடலாமா என்று, இந்தக் கதையில் வருகிற ராசமணி அக்காவிடம் கேட்டேன். "போடுங்கோ, ஆனால் ஒண்டையும் மறைக்காமல் எழுதுங்கோ" என்றார். ஆகவே நீ மட்டுமல்ல, ஊரே வாசிக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். பேச்சுப் போட்டி என்றால் என்னைத்தான் நடுவராகக் கூப்பிடுவார்கள். லண்டனுக்கு வந்து பஸ் சாரதியானேன். தோர்ண்டன் ஹீத்துக்கும் குரொய்டனுக்கும் இடையே, திங்கள் முதல் சனி வரை, ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன். ஏறுகிறவர்கள் அட்டையைக் காட்டுவார்கள், நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் பேச்சு. நான் ஒரு காலத்தில் ஆசிரியனாக இருந்தவன் என்று அந்தப் பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு, ஆங்கிலேயருடைய தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சபை கூடும்போது மட்டும் நான் மறுபடியும் ஆசிரியன். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காக ஆறு நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொற்களை அடுக்குவேன். சிவப்பு விளக்கில் மோனை கிடைக்கும், அடுத்த தரிப்பிடத்தில் எதுகை கிடைக்கும். முன் வரிசையில் செல்வராசா அண்ணை இருப்பார். ஓய்வுபெற்ற என்ஜினியர், சபைக் கமிட்டியின் தலைவர். நல்ல ஒரு வசனம் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைப்பார். உண்மையைச் சொன்னால், அந்தத் தலையசைவுக்காகத்தான் நான் பிரசங்கம் செய்தேன். ஆண்டவருக்காகச் செய்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மண்டபத்தில் யார் எங்கே இருப்பது என்று எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். ஊரில் எங்கள் தேவாலயத்தில் எங்கள் ஆட்களுக்கு முன்னால் உட்கார மர வாங்கு இருந்தது. ராசமணி அக்காவின் ஆட்களுக்குப் பின்னால் பாய் விரித்திருக்கும். எங்கள் கிணற்றில் அவர்கள் தண்ணீர் அள்ளக்கூடாது. அவர்கள் வீட்டில் நாங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டோம். ஆண்டவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே இதையெல்லாம் செய்தோம். லண்டனில் பாய் இல்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் கதிரை. ஆனால் வரிசை மட்டும் ஊரிலிருந்து எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. அக்கா பின் கதவோரம், கோட்டுகள் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பார். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்துவிட்டு, பல நாட்களில் சீருடையோடேயே வருவார். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். ஏழு வயதில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அவரை நான் "நீ" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஐம்பத்தொரு வயதில் லண்டனிலும் அப்படியேதான் கூப்பிட்டேன். அவர் என்னை "ஐயா" என்றார். அது பிழை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை என்பதை நீ நம்பமாட்டாய். ஆனால் அதுதான் உண்மை.

நீ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்த காலம். ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று சொல்லி ஆட்கள் வீடு பார்க்கப் போய்வந்துகொண்டிருந்தார்கள். நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். அந்த ஞாயிறு நான் கிருபையைப் பற்றிப் பேசினேன். அதுவரை நான் செய்ததில் மிகச் சிறந்த பிரசங்கம் அதுதான் என்று எனக்கு நினைப்பு. முடிந்ததும் தேநீர் மேசையில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். பாராட்டுக் கேட்டு எனக்குப் போதவில்லை. கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடமும் போய், "என்ன ராசமணி, இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்டேன்.

"வடிவாக் கதைச்சியள் ஐயா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"இண்டைக்குக் கொஞ்சம் கடினம்தான்" என்றேன்.

"இண்டைக்கு மட்டுமில்லை ஐயா. நான் வரத் தொடங்கிப் பதினொரு வருஷம். பாட்டு விளங்கும். ஜெபம் விளங்கும். நீங்கள் ஏறினாப் பிறகு ஒண்டும் விளங்காது."

அவர் குத்திக்காட்டவில்லை. பஸ் தாமதமாக வந்தது என்று சொல்வதுபோல் சொன்னார். "அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?" என்றேன். "கேக்கலாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். பிறகு கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் நான் புலம்பினேன். தமிழ் இப்படியா தேய்ந்துபோக வேண்டும், படிப்பறிவில்லாதவர்களுக்காக எவ்வளவுதான் இறங்குவது என்றெல்லாம் சொன்னேன். பின் இருக்கையில் இருந்த நீ மெல்லக் கேட்டாய்: "அப்பா, மேடையில நிண்டு அவவைச் சகோதரி எண்டு சொல்லுறியள். தேத்தண்ணி மேசையில 'ராசமணி' எண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறியள். அவ உங்களைவிட மூத்தவ. இதில எது உண்மை?" நான் காரை ஓரமாக நிறுத்தி உன்னைப் பார்த்துக் கத்தினேன். ஊர் வழக்கம் தெரியாமல் பேசாதே என்றேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் உன்னோடு பேசவில்லை. நீ உண்மையைச் சொன்னாய், நான் தகப்பன் என்ற தடியை எடுத்தேன். அதற்கு இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அந்த ஒன்பதாம் நாள் ஒன்று நடந்தது. அந்தத் தேவாலயத்தின் ஆங்கிலக் குருவானவர், குருப்பட்டம் இல்லாமல் பிரசங்கம் செய்கிறவர்களுக்காகச் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் வகுப்பு ஒழுங்குசெய்திருந்தார். எனக்கு எதற்கு இது என்று நினைத்தபடிதான் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பெடுத்தவர் வயதான ஆங்கிலப் பெண்மணி, பள்ளிக்கூடத்தில் கிரேக்கம் படிப்பித்தவர். அந்தச் செவ்வாய் அவர் ஆதிச் சபையில் பிரசங்கம் எப்படி இருந்தது என்று சொன்னார். முதல் தலைமுறைகளில் பீடமும் இல்லை, தேவாலயமும் இல்லை. யாராவது ஒருவருடைய வீட்டில் கூடினார்கள். சாப்பாட்டு அறையில் சிலர், முற்றத்தில் மற்றவர்கள், தட்டேந்தி நிற்கிற அடிமையும் காது கேட்கிற தூரத்தில்தான். தூரத்திலிருந்து அப்போஸ்தலர் அனுப்பிய கடிதத்தை ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அவர்களில் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பண்டிதர்கள் பேசுவதற்கென்று வைத்திருந்த கிரேக்கம் வேறு. இவர்கள் பேசியது சந்தையில் மீனுக்கு விலை கேட்கிற கிரேக்கம். படித்தவர்கள் சிரித்தார்கள். கம்பளி நெய்கிறவனும் செருப்புத் தைக்கிறவனும் துணி வெளுக்கிறவனும் கடவுளைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று ஏளனம் செய்தார்கள்.

இன்னொன்றும் சொன்னார். அதுவரை அந்த நாட்டுப் பேச்சாளர்கள் எசமான்களிடம் அடிமைகளைப் பற்றிப் பேசுவார்கள். இந்தக் கடிதங்கள் அடிமைகளையே பார்த்து, உங்களுக்குச் சொல்கிறேன் என்று பேசின. என் பக்கத்தில் இருந்த கறுப்பினப் பெண் ஒருவர் உடனே கையை உயர்த்தி, "ஆனால் கீழ்ப்படியுங்கள் என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்டார். ஆசிரியை அதை மறுக்கவில்லை. "ஆமாம். அந்த வாசல் திறந்தது, ஆனால் பாதிதான் திறந்தது. பிறகு வந்தவர்கள் நல்ல உடுப்பையும் உயரமான பீடத்தையும் பண்டிதருடைய மொழியையும் எடுத்துக்கொண்டு அந்தப் பாதியையும் சாத்தப் பார்த்தார்கள்" என்றார். பணக்காரர்கள் முந்தி வந்து சாப்பிட்டு முடிக்க, வேலை முடித்து வந்த கூலியாட்கள் வெறும் தட்டைப் பார்த்த சபை ஒன்றும் இருந்ததாம். அப்போஸ்தலர் அவர்களைக் கடுமையாகத் திட்டி எழுதினார் என்றும் சொன்னார். எனக்குச் சீருடையோடு வருகிற அக்காவின் ஞாபகம் வந்தது. கடைசியில், பிரசங்கத்துக்கு அவர்கள் சொன்ன கிரேக்கச் சொல்லைப் பலகையில் எழுதினார். ஆட்கள் கூடியிருந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது என்றுதான் அதற்கு முதற்பொருளாம். எங்கள் பாஷையில் சொன்னால், கதைக்கிறது. மகனே, அதுவரை அத்தனை வருடமும் நான் பேசியிருக்கிறேன். ஒரு நாளும் கதைக்கவில்லை. அன்று வகுப்பு முடிந்து வந்த கையோடு உன் அறைக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை கதிரையளை மாத்திப் போடவேணும். உதவி செய்வியோ?" என்று மட்டும் கேட்டேன். நீ காரணம் கேட்கவில்லை. "ஓம் அப்பா" என்றாய்.

உனக்குத் தெரியாத பாதி இனித்தான். அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து, எழுதிய பிரசங்கத்தை உறையில் போட்டுக்கொண்டு ராசமணி அக்காவின் கவுன்சில் பிளாட்டுக்குப் போனேன். பதினொரு வருடத்தில் முதல் தடவை. மூன்றாம் மாடி. கதவைத் தட்டிவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் திறந்தார். "ராசமணி அக்கா, உள்ளுக்கு வரலாமோ? உங்களிட்ட ஒரு உதவி கேட்டு வந்தனான்" என்றேன். "அக்கா", "உங்களிட்ட" என்ற இரண்டு சொல்லையும் பஸ்ஸிலேயே பலமுறை சொல்லிப் பழகியிருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

"இல்லை, நல்லாத்தான் இருக்கிறன்."

"அப்ப சரி. வாங்கோ. தேத்தண்ணி குடிப்பியளோ?"

எங்கள் ஊரில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்டிராத கேள்வி அது. "குடிப்பன் அக்கா" என்றேன். அவர் சமையலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் கொதித்துக் கேத்தில் அணைந்த சத்தம் கேட்ட பிறகும் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார். இரண்டு கோப்பைகளும் ஒரே மாதிரியானவை. நான் குடித்தேன். சீனி அளவுக்கு மேல்.

ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவியதைப் பற்றித்தான் அடுத்த நாள் பேச இருந்தேன். தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். "தாழ்மையின் சிகரத்தில் ஏறி நின்ற தலைவன்" என்று முதல் வசனம்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ" என்றார் அக்கா. "தாழ்மையில என்னண்டு ஏறுறது?"

நான் தாளைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நான் தாளை மடித்து வைத்துவிட்டு, "நீங்கள் சொல்லுங்கோ அக்கா, கால் கழுவுறது எண்டால் என்ன?" என்று கேட்டேன். அவர் யோசித்தே சொன்னார். "நான் ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குக் கால் கழுவுறன். நீங்கள் எல்லாரும் கழுவின ஆளைப் பற்றித்தான் கதைக்கிறியள், அவர் எவ்வளவு பெரியவர், எவ்வளவு இறங்கினார் எண்டு. கழுவுறது கஷ்டமில்லை ஐயா. கழுவத் தாறதுதான் கஷ்டம். எங்கட இல்லத்துக்குப் புதுசா வாற வெள்ளைக்காரக் கிழவர்மார் முதல் நாள் காலைத் தரமாட்டினம். இழுத்துக்கொள்ளுவினம். வெக்கம். தங்களுக்கு ஒருத்தரும் தேவையில்லை எண்டு நினைச்சுச் சீவிச்ச ஆக்கள். ஆண்டவர் கழுவ வர ஒரு சீடனும் முதல்ல மாட்டன் எண்டுதானே சொன்னவர்?" எத்தனையோ உரைகளைப் படித்தவன், இது என் கண்ணில் பட்டதேயில்லை. "இதை நாளைக்கு நீங்கள் சபையில சொல்லவேணும்" என்றேன். "ஐயோ, நான் மாட்டன்" என்றார். சொன்னதும் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு, மறுபடி சிரித்தார். "சரி. கேட்டியள் எண்டால் சொல்லுறன்."

மறுநாள் நீ மதியமே மண்டபத்துக்குப் போய்க் கதிரைகளை வட்டமாகப் போட்டாய். வந்தவர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். முன் வரிசை எது என்று தெரியாமல் செல்வராசா அண்ணை கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தார். "என்ன தம்பி இது கூத்து? பீடம் எங்க?" "அண்ணை, இண்டைக்கு இருந்துகொண்டு கதைக்கப்போறன்." "பிரசங்கம் எண்டால் பிரசங்கம். சந்தையில கதைக்கிற மாதிரியோ தேவ வசனத்தைக் கதைக்கிறது? நீர் தமிழ் படிச்ச மனுஷன்." "சந்தையிலதான் அண்ணை தொடங்கினது" என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனாலும் இருந்தார்.

நான் இருந்தபடியே பேசினேன். அடுக்கு மொழி இல்லை. நான் எங்கள் வீட்டில் உன்னோடும் அம்மாவோடும் பேசுகிற தமிழ். முதல் ஐந்து நிமிடம் உடுப்பில்லாமல் நிற்பதுபோல் இருந்தது. பிறகு, பதினொரு வருடமாக நான் பேசியது ஒன்றும் விளங்கவில்லை என்று எனக்கு ஒருவர் சொன்னார், அது என் பிழை, கேட்டவருடைய பிழையல்ல என்றேன். கால் கழுவுவதைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார் என்றேன். "ராசமணி அக்கா, நீங்கள் சொல்லுங்கோ."

அந்த ஒரு "நீங்கள்" அந்த மண்டபத்தில் எப்படி விழுந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வயதுக்காரர் ஒவ்வொருவருக்கும் விளங்கியது. அக்கா எழும்பினார். கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாலு நிமிடம்தான் பேசியிருப்பார். சனிக்கிழமை சொன்னதையே சொன்னார், ஆனால் கடைசியில் ஒன்றைச் சேர்த்தார். "ஒருத்தர் காலைத் தாற நாள்தான் நான் அவரோட உண்மையாக் கதைக்கத் தொடங்கிறன். அதுக்கு முதல் அவர் முதலாளி, நான் வேலைக்காரி. பிறகு இரண்டு பேரும் ஆக்கள்." ஒரு கதிரை கிரீச்சிட்டது. செல்வராசா அண்ணை எழும்பி வெளியே போனார். அவரோடு இன்னும் இரண்டு குடும்பம். அக்கா ஒரு கணம் நின்றார். நான் பயந்தேன். ஆனால் அவர் உட்காரவில்லை. "போறவை போகட்டும். பேந்து வருவினம்" என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சை முடித்துத்தான் உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மலேசியாவிலிருந்து வந்த கணக்காளர் ஒருவர், எங்களோடு எட்டு வருடமாக இருப்பவர், எழுந்து, "ஆமா, எங்கப்பா ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்சவரு. அதை இங்க யார்கிட்டயும் நான் சொன்னதே இல்ல. இன்னைக்கிச் சொல்றேன்" என்றார். நீ பக்கத்திலிருந்த இளம் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர்கள் உன்னைத் தாண்டி நேராக அக்காவிடமே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆராதனை நாலரைக்கு முடிய வேண்டியது. மண்டபத்தைப் பூட்ட வந்த ஆங்கிலக் காவலாளி ஆறு மணிக்கும் எங்களை வெளியேற்ற முடியாமல் நின்றார்.

அதற்கு விலை இல்லாமல் போகவில்லை. இரண்டு வாரத்தில், என்னைப் பிரசங்கத்திலிருந்து நிறுத்த வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் வந்தது. எனக்குத் தூக்கம் போனது. அந்த இருபத்தைந்து நிமிடம் போனால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறவன் மட்டும்தான் மிஞ்சுவான் என்று பயந்தேன். பொதுக்கூட்டத்தில் வழக்கமாக எட்டுப் பேர்தான் பேசுவார்கள், பின்னால் இருப்பவர்கள் கையை மட்டும் உயர்த்துவார்கள். அன்று பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். வழுக்கி விழுந்துவிடுவோமோ என்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்கள். ஆனால் வைத்தார்கள். அக்கா கடைசியாக எழும்பி, "தம்பி கதைக்கட்டும். பிழை விட்டால் நாங்கள் திருத்துவம்" என்றார். அன்றுதான் முதன்முதலாக அவர் என்னைத் தம்பி என்றார். தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. வீட்டுக்கு வந்ததும் அம்மா ரவை லட்டு செய்தாள். நீ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியிருந்தாய், உனக்கு ஒரு பெட்டி தபாலில் வந்தது ஞாபகமா?

அதைவிடப் பெரிய வெற்றி பிறகுதான் வந்தது. ஐந்து ஞாயிறுக்குப் பிறகு செல்வராசா அண்ணையின் மனைவி புஷ்பம் அக்கா தனியாக வந்தார். ஊரிலும் இங்கேயுமாக நாற்பது வருடம் முன் வரிசையில் கணவனுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையோடு இருந்தவர். அவர் சபையில் பேசி ஒருவரும் கேட்டதில்லை. "அவருக்குத் தெரியாமல் பஸ்ஸில வந்தனான்" என்றார். வட்டத்தில் இருந்து, தன் முதல் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இறந்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு சபையில் ஒவ்வொரு வருடமும் நடந்த பிள்ளை ஞானஸ்நானங்களில் சிரித்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். பேச விடப்படாதவர்கள் பின் வரிசையில்தான் இருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன் வரிசையிலும் வாய் கட்டிய ஒருவர் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறார். அவர் அழுதபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டது ராசமணி அக்கா. புஷ்பம் அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் செல்வராசா அண்ணை வந்தார். "இவ இஞ்ச கதைக்கிறாவாம். என்ன கதைக்கிறா எண்டு கேக்க வந்தனான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கிடைத்த கதிரையில் இருந்தார். அது கோட்டுகள் தொங்கும் மூலை.

ஆகவே, உன் கேள்விக்கு வருகிறேன். கப்பல் கட்டும் தளம் மூடிப்போன ஊர் என்று சொன்னாய். சில குடும்பங்களுக்குப் பரம்பரையாக வந்த இருக்கைகள் இருக்கின்றன என்றும், வேலையில்லாதவர்கள் தூண்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்றும் சொன்னாய். நீ படித்த ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். அதைக் கேட்டு யாராவது கண்ணை மூடித் தலையை அசைத்தால், உடனே தூணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார். பிரசங்கத்தை எழுதி முடிக்க முன்னம் யாராவது ஒருவருடைய வீட்டுக்குப் போ. அவர்கள் தருவதைக் குடி. உனக்குத் தெரியாததை அவர்களிடம் கேள். கேட்பதுபோல் நடிக்காதே, அவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். அன்பான பேச்சு மட்டும் போதாது என்பதையும் மறந்துவிடாதே. எங்கள் முன்னோர் நல்ல தமிழில் அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டே பாயை விரித்தார்கள். பேச்சு மாறும்போது கதிரையும் மாற வேண்டும், கோப்பையும் மாற வேண்டும்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ராசமணி அக்கா இப்போது மாதத்துக்கு ஒரு முறை முழுப் பிரசங்கமும் செய்கிறார் என்று உனக்குத் தெரியும். போன ஞாயிறு, நடக்க முடியாத ஒருவனை நாலு நண்பர்கள் கூரையைப் பிரித்து ஆண்டவருக்கு முன்னால் இறக்கிய கதையை எடுத்தார். இல்லத்தில் ஆட்களைத் தூக்குகிற இயந்திரம் பற்றிச் சொன்னார். தூக்கும்போது ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் கட்டிலில் கிடப்பவர் பயத்தில் கத்துவாராம். "நாலு பேரின்ர விசுவாசத்தைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். மேல தொங்கிக்கொண்டிருந்த மனுஷன் எவ்வளவு கத்தியிருப்பார்?" என்றார். என் பழைய வாத்தியார்ப் புத்தி விடவில்லை. கையை உயர்த்தி, "அக்கா, அது சரியில்லை. அந்த மனுஷன் வாயே திறக்கேல்லை. ஒரு சொல்லும் எழுதியில்லை" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, அவர் கத்தினவர். எழுதின ஆளுக்குத்தான் கேக்கேல்லை."

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பா, கைதட்டலா என்று பிரிக்க முடியவில்லை. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் செல்வராசா அண்ணை. அத்தனை பேருக்கு முன்னால் தோற்றுப்போய் உட்கார்ந்தேன். நான் வென்ற எந்தப் பேச்சுப் போட்டியிலும், எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டிலும் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

உன் முதல் பிரசங்கத்தின் நடுவே தூணுக்குப் பின்னாலிருந்து யாராவது எழும்பி, "அது பிழை" என்று சொன்னால், அன்றைக்கே எங்களுக்கு அழைத்துச் சொல். அம்மாவும் நானும் சாப்பிடாமல் காத்திருப்போம்.

அப்பா